டோரித் தீவுக்கு ஒருநாள் படகுப் பயணம்: முழுமையான வழிகாட்டி

முதல் தடவை போனபோது டோரித் தீவைக் கரையிலிருந்து பார்த்ததோடு சரி. மஹெரோர்ட்டி படகுத்துறையில் நல்ல வெயில். வானத்தில் பொட்டு மேகம் கிடையாது. அடிவானத்தில் இடிந்த கோட்டைச் சுவர் மாதிரி தீவு துல்லியமாகத் தெரிகிறது. ஆனால் அன்றைக்குப் படகு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். "இந்த வெயிலிலா?" என்று கேட்டேன். துறையில் நின்றிருந்த பெரியவர் வானத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இடையில் இருக்கும் சின்னத் தீவுக்கு அப்பால் வெள்ளையாக உடைந்துகொண்டிருந்த அலையைக் கையால் காட்டிவிட்டு நகர்ந்துவிட்டார்.

இரண்டாம் தடவை போய்விட்டு வந்தேன். முதல் தடவை தெரியாமல் போனதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அயர்லாந்தின் வடமேற்கு மூலையில் டோனிகல் மாவட்டம். அதன் கரையிலிருந்து சுமார் 14 கிலோமீட்டர் கடலுக்குள் டோரி. நீளம் 5 கிலோமீட்டர், அகலம் 1 கிலோமீட்டருக்குள். வசிப்பவர்கள் 140 பேர் போல. வீட்டிலும் கடையிலும் சண்டையிலும் அவர்கள் பேசுவது ஐரிஷ் மொழிதான். நம்மோடு ஆங்கிலத்துக்கு மாறிக்கொள்வார்கள். மேற்கு முனையில் 1832 முதல் எரியும் கலங்கரை விளக்கம், கிழக்கு முனையில் புராணகாலத்து அரக்கனின் கோட்டை என்று சொல்லப்படும் செங்குத்துப் பாறைகள், நடுவில் இரண்டு ஊர்கள். தீவு முழுக்கத் தேடினாலும் மரம் என்று சொல்ல ஒன்றும் கிடைக்காது. காற்று விடாது.

எந்த மாதம்

மே முதல் ஆகஸ்டுக்குள் போங்கள். படகுகள் அப்போதுதான் அதிகம், வெளிச்சமும் தாராளம். ஜூனில் இரவு பத்து மணிக்குக்கூட புத்தகம் படிக்கலாம். பஃபின் பறவைகளைப் பார்க்கவேண்டும் என்றால் ஜூலை முடிவதற்குள் போய்விடுங்கள். பிறகு அவை நடுக்கடலுக்குக் கிளம்பிவிடும். குளிர்காலத்தில் ஒருநாள் பயணமாகப் போகலாம் என்ற எண்ணமே வேண்டாம். போனால் திரும்புவது எப்போது என்று யாரும் வாக்குத் தரமாட்டார்கள்.

கரை வரை வருவதில் ஒரு சிக்கல்

இதை எந்தச் சுற்றுலாக் கையேடும் நமக்காக எழுதுவதில்லை. டப்ளினிலிருந்து லெட்டர்கெனிக்குப் போகும் நேர்வழியும், அந்த வழியில் ஓடும் பேருந்தும் மொனஹனைத் தாண்டியதும் ஓமா, ஸ்ட்ரபேன் என்று வட அயர்லாந்துக்குள் நுழைந்து வெளியே வருகின்றன. எல்லையில் வேலி இல்லை, சாவடி இல்லை. சாலையோர வேகப் பலகை மைல் கணக்குக்கு மாறினால்தான் நாடு மாறியதே தெரியும். ஆனால் சட்டப்படி அது பிரிட்டன். அயர்லாந்து வேலை அனுமதியும் குடியிருப்பு அட்டையும் வைத்திருக்கும் இந்தியரோ இலங்கையரோ பிரிட்டன் விசா இல்லாமல் அந்த வழியே போகக்கூடாது. "யார் பார்க்கப்போகிறார்கள்" என்று சொல்லும் நண்பர் எல்லோருக்கும் ஒருவர் இருப்பார். பேருந்தில் எப்போதாவது சோதனை நடந்தால் மாட்டிக்கொள்வது அவர் அல்ல, நீங்கள்.

ஊரிலிருந்து சுற்றுலாவுக்கு வருகிற பெற்றோருக்கு ஷெங்கன் விசா இங்கே செல்லாது. அயர்லாந்து விசா தனி. இந்தியக் கடவுச்சீட்டில் குறுகியகால விசாவோடு பிரிட்டன்–அயர்லாந்து கூட்டுத் திட்ட முத்திரையும் விழுந்திருந்தால் இரண்டு பக்கமும் போய்வரலாம். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அந்த வசதி இல்லை.

ஆகவே பிரிட்டன் விசா இல்லாதவர்களுக்கு வழி இதுதான்: டப்ளினிலிருந்து ஸ்லைகோ, அங்கிருந்து டோனிகல் நகரம், பாலிபோஃபே, லெட்டர்கெனி. முழுக்க அயர்லாந்துக் குடியரசுக்குள்ளேயே வருகிறது. காரில் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. கார் இல்லையென்றால் டப்ளின் கானலி நிலையத்திலிருந்து ஸ்லைகோவுக்கு மூன்று மணி நேர ரயில், பிறகு பேருந்து. டோனிகலில் ரயிலே கிடையாது. டப்ளினிலிருந்து டோனிகல் விமான நிலையத்துக்குச் சின்ன விமானம் ஒன்று உண்டு. ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவந்து விட்டுவிடும், எல்லைப் பிரச்சினையும் இல்லை.

எப்படி வந்தாலும் முந்தின நாளே வந்து லெட்டர்கெனியிலோ, ஃபால்கராவிலோ, கோர்ட்டஹோர்க்கிலோ தங்குங்கள். டப்ளினிலிருந்து விடியற்காலை கிளம்பி அதே நாளில் தீவைப் பார்த்துத் திரும்புவது கணக்கில் வரும், உடம்பில் வராது.

இன்னொன்று. லெட்டர்கெனியைத் தாண்டி கொஞ்ச தூரத்தில் சாலைப் பலகைகளில் ஆங்கிலம் காணாமல் போகும். ஐரிஷ் பேசும் பகுதிகளுக்குக் கெல்டாக்ட் என்று பெயர். 2005ல் வந்த ஆணைப்படி அங்கே ஊர்ப்பெயர்கள் ஐரிஷில் மட்டும்தான் எழுதப்படும். கைபேசி வரைபடம் "மஹெரோர்ட்டி" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது பலகையில் இருப்பது "மஹரே ரௌர்ட்டி" என்று ஒலிக்கும், பார்த்தால் இரண்டு மடங்கு நீளமாக எழுதப்பட்ட ஒரு பெயர். நான் இரண்டு திருப்பங்களைத் தவறவிட்டது இதனால்தான். முந்தின இரவே ஐரிஷ் எழுத்துக்கூட்டலை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி டாஷ்போர்டில் ஒட்டிவிடுங்கள்.

கடலைப் படிப்பது

பயணத்தின் தலையெழுத்து இங்கேதான் இருக்கிறது.

அயர்லாந்தின் வானிலைத் துறையான மெட் ஏரன் தினமும் கடற்பகுதி முன்னறிவிப்பு வெளியிடும். நாம் வழக்கமாகப் பார்க்கும் மழை, வெயில் படம் இதற்கு உதவாது. கடற்பகுதி அறிக்கையில் கரை முழுவதையும் முனை முனையாகப் பிரித்திருப்பார்கள். டோரிக்குப் பார்க்கவேண்டியவை மாலின் ஹெட், பிளடி ஃபோர்லாண்ட் என்ற இரண்டு முனைகள். காற்றின் பலத்தை 'ஃபோர்ஸ்' என்ற எண்ணால் சொல்வார்கள். அது 6 அல்லது அதற்கு மேல் என்றால் சிறு படகுகளுக்கான எச்சரிக்கை வந்துவிடும். அந்த எச்சரிக்கை உள்ள நாளில் காலை எழுந்து குளித்துக் கிளம்பும் முன்பு படகுக்காரர்களுக்கு ஒரு போன் போடுங்கள். 4க்குக் கீழே இருந்தால் நிம்மதியாகப் புறப்படலாம். இடையில் இருந்தால் திசையைப் பாருங்கள்.

காற்று மட்டும் போதாது. நான் ஏமாந்த நாளில் காற்றே இல்லை. இரண்டு நாள் முன்பு எங்கேயோ நடு அட்லாண்டிக்கில் அடித்த புயலின் அலை அன்றைக்குத்தான் கரைக்கு வந்து சேர்ந்திருந்தது. காற்று ஓய்ந்தபிறகும் நீண்ட, கனத்த அலையாக அது உருண்டு வரும். அதற்குப் பெயர்தான் ஸ்வெல். அறிக்கையில் அலை உயரம், ஸ்வெல் என்ற வரிகளையும் படியுங்கள்.

படகு ரத்தானால் படகுத்துறையிலேயே உட்கார்ந்து வருத்தப்படாதீர்கள். முக்கால் மணி நேரத் தொலைவில் கார்ட்டன் ஏரிக்கரையில் கிளீப் ஹவுஸ் என்ற பழைய வீடு அரசின் கலைக்கூடமாக இருக்கிறது. டோரியின் மீனவர்கள் வரைந்த ஓவியங்களை அங்கே பார்க்கலாம். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். தீவில் மடம் அமைத்ததாகச் சொல்லப்படும் புனித கோலம்கில் பிறந்த ஊரும் கார்ட்டன்தான். ரத்தான நாளைக்கு இதைவிடப் பொருத்தமான மாற்று கிடையாது.

பையில் என்ன

நீரும் காற்றும் புகாத மேலங்கி. குடை வேண்டவே வேண்டாம், ஐந்து நிமிடத்தில் எலும்புக்கூடாகிவிடும். பிடிமானமுள்ள காலணி. வாந்தி வருகிற உடம்பென்றால் மருந்துக்கடையில் கடல் மயக்க மாத்திரை வாங்கி, ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். குமட்டல் வந்தபிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும். என் மனைவி இஞ்சி மரப்பாவை நம்புகிறவள். இரண்டுமே எடுத்துப்போனோம், எது வேலை செய்தது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

சாப்பாட்டுக்குத் தீவில் விடுதி ஒன்று உண்டு. அதை மட்டும் நம்பாமல் புளியோதரையோ எலுமிச்சை சாதமோ கட்டிக்கொள்வது நல்லது, சைவமென்றால் கட்டாயம். கொஞ்சம் ரொக்கம். தினசரி மருந்து சாப்பிடுகிறவர்கள் மறுநாளுக்கும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் பயணம் என்று நாம்தான் சொல்கிறோம். 1974ல் புயல் தீவை வாரக்கணக்கில் துண்டித்துப் போட்டது. அதற்குப் பிறகு அங்குள்ளவர்களைக் கரைக்கே குடிபெயர்த்துவிடலாம் என்ற பேச்சு அரசுத் தரப்பில் பலமாகவே அடிபட்டது. சில குடும்பங்கள் போய்விட்டன, மற்றவர்கள் மறுத்துவிட்டார்கள்.

படகில்

ஆட்கள் மட்டும் போகும் படகு. காரைத் துறைக்கு மேலே நிறுத்திவிட்டு வரவேண்டும். கோடையில் நிறுத்த இடம் கிடைப்பதற்காகவாவது அரை மணி முன்னதாக வாருங்கள். பயணம் முக்கால் மணி நேரம்.

முதல் கால் மணியை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். இனிஷ்பாஃபின் தீவின் மறைவில் படகு குளத்தில் போவதுபோல் போகும். எல்லோரும் மேல்தளத்தில் நின்று படம் எடுப்பார்கள். அந்த மறைவு முடிந்ததும் மேற்கிலிருந்து வரும் அலையைத் தடுக்க அமெரிக்காவரை ஒன்றுமில்லை. படகு ஒரு தோளை இறக்கி, அடுத்த தோளை ஏற்றும். அதற்குள் பின்பக்கம், நடுவில், வெளிக்காற்று படும் இடமாகப் பார்த்து உட்கார்ந்துவிடுங்கள். கைபேசியைப் பார்க்காமல் அடிவானத்தைப் பாருங்கள். பின்னால் திரும்பிக் கரையைப் பார்த்தால் கூம்பு மாதிரி ஒரு மலை நிற்கும். அதுதான் எரிகல், 751 மீட்டர், டோனிகலிலேயே உயரமானது.

இறங்கும்போது ஒரே ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: "திரும்பும் படகு இன்றைக்கு எத்தனை மணிக்கு?" அட்டவணையில் போட்டிருக்கும் நேரம் வேறு, அன்றைய கடல் சொல்லும் நேரம் வேறு. மதியத்துக்கு மேல் காற்று ஏறும் என்றால் முன்னதாகவே கிளம்பிவிடுவார்கள்.

இறங்கியதும்

படகு நிற்குமிடம் மேற்கு ஊர், அன் பாலிய ஹீயர். துறைக்கு மேலேயே, ஆங்கில 'டி' எழுத்து வடிவில் ஒரு கற்சிலுவை நிற்கிறது. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இந்த வடிவச் சிலுவை அயர்லாந்து முழுவதற்கும் இரண்டுதான், இன்னொன்று கிளேர் மாவட்டத்தில். பக்கத்திலேயே உடைந்துபோன வட்ட மணிக்கோபுரம், பழைய மடத்தின் மிச்சம்.

முன்பெல்லாம் படகில் வருகிறவர்களைத் தீவின் ராஜாவே துறைக்கு வந்து கைகுலுக்கி வரவேற்பார். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஊர்க்காரர்கள் தங்களில் ஒருவரை ராஜா என்று வைத்துக்கொள்வது டோரியின் பழைய வழக்கம். கடைசி ராஜா பாட்ஸி டேன் ராட்ஜர்ஸ். தொப்பியும் காதில் வளையமுமாக அக்கார்டியன் வாசிப்பார், ஓவியமும் வரைவார். 2018ல் காலமானார்.

ஓவியம் என்றதும் அந்தக் கதை. 1956ல் டெரெக் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர் இங்கே வந்து வரைந்துகொண்டிருந்தார். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்த ஜேம்ஸ் டிக்ஸன் என்ற மீனவர், இதைவிட நன்றாக நானே வரைவேன் என்றாராம். அப்போது அவருக்கு வயது எழுபதை நெருங்குகிறது. ஹில் தாளும் வண்ணமும் கொடுத்தார். தூரிகையை மட்டும் டிக்ஸன் வாங்கிக்கொள்ளவில்லை, கழுதை வால்மயிரில் தானே செய்துகொண்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் வரைய ஆரம்பித்து, டோரி ஓவியர்கள் என்று ஒரு பரம்பரையே உண்டாகிவிட்டது. ஊருக்குள் டிக்ஸன் பெயரில் சின்னக் காட்சியகம் இருக்கிறது. திறந்திருந்தால் கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

முதலில் மேற்கே: கலங்கரை விளக்கம்

கையில் நாலைந்து மணி நேரம் இருக்கும். நான் சொல்லும் வரிசை, முதலில் மேற்கு, பிறகு கிழக்கு. காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வருகிறது. கால் களைக்காதபோதே அதை எதிர்த்து நடந்துவிட்டால் திரும்பும்போது முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும்.

ஊரிலிருந்து அரை மணி நேர நடை. தட்டையான நிலம், ஒற்றைச் சாலை, இரு பக்கமும் கற்சுவர். கறுப்புக் கோபுரம், நடுவில் வெள்ளைப் பட்டை. கிளம்பும்போதே கண்ணுக்குத் தெரிவதால் பக்கம் என்று தோன்றும், நடக்க நடக்கத் தள்ளிக்கொண்டே போகும். ஐரிஷில் இதற்கு 'ட்யாஹ் ஸொலிஷ்' என்று பெயர். ட்யாஹ் என்றால் வீடு, ஸொலிஷ் என்றால் வெளிச்சத்தின். வெளிச்சத்தின் வீடு.

ஜார்ஜ் ஹால்பின் வடிவமைத்தது. கட்ட ஆரம்பித்தது 1828ல், விளக்கு ஏற்றியது 1832 ஆகஸ்டில். கோபுர உயரம் 27 மீட்டர். 30 விநாடிக்கு மூன்று வெட்டு, 18 கடல் மைல் தூரம் தெரியும். 1990ல் தானியங்கியாக்கப்பட்டபிறகு காவலர்கள் யாரும் குடியிருப்பதில்லை. மூடுபனி ஊதலும் 2011ல் அயர்லாந்து முழுக்க நிறுத்தப்பட்டது. உள்ளே ஏறிப் பார்க்கலாம் என்று நினைத்து வராதீர்கள். சுற்றுச்சுவருக்கு வெளியே நின்று பார்ப்பதுதான், அதுவே போதுமானது.

அங்கே தவறவிடக்கூடாதது விளக்கு மட்டுமல்ல, பக்கத்தில் இருக்கும் சின்னக் கல்லறைத் தோட்டமும்தான். 1884 செப்டம்பர் 22 விடியற்காலை, பிரிட்டிஷ் கடற்படையின் 'வாஸ்ப்' என்ற கப்பல் இந்த விளக்கின் காலடியிலேயே பாறையில் மோதி மூழ்கியது. 52 பேர் போனார்கள், பிழைத்தவர்கள் 6 பேர். கரை ஒதுங்கிய சிலரை இங்கேதான் புதைத்தார்கள். அந்தக் கப்பல், வேறொரு தீவில் குத்தகை கட்டமுடியாத குடும்பங்களை வெளியேற்றப் போகும் அதிகாரிகளை ஏற்றிக்கொள்ளப் போய்க்கொண்டிருந்தது. தீவுக்காரர்கள் தங்கள் சாபக்கல்லைத் திருப்பி வைத்ததால்தான் கப்பல் உடைந்தது என்று ஒரு கதை பிறந்துவிட்டது. இதே கப்பல்தான் முந்தைய பஞ்ச காலத்தில் இந்தக் கரையோரத் தீவுகளுக்கு உதவிப்பொருள் கொண்டுவந்தது என்பதையும் சேர்த்துப் படித்தால், அந்தப் புற்களுக்கு நடுவே நிற்கும்போது யார் பக்கம் பேசுவது என்று தெரியவில்லை. நான் பேசாமல் நின்றேன். காற்றுக்குப் புல் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தது. சுவரின் மறைவில் மட்டும் நாலைந்து தாள் நிமிர்ந்து நின்றது.

பிறகு கிழக்கே: பாலரின் கோட்டை

மேற்கு ஊருக்குத் திரும்பியதும் கடிகாரத்தைப் பாருங்கள். படகுக்கு இரண்டரை மணி நேரமாவது மிச்சமிருந்தால் மட்டும் கிழக்கே போங்கள். குறைவாக இருந்தால் ஊருக்குள்ளேயே தேநீர் குடியுங்கள். இதில் பேரம் பேசவேண்டாம்.

வழியில் சாலையோரமாக ஒரு டார்பிடோ நட்டு வைத்திருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் கரை ஒதுங்கியதைச் செயலிழக்கச் செய்து, அய்யனார் கோயில் வேல் மாதிரி நிறுத்திவிட்டார்கள். மே, ஜூனில் இந்தப் பாதையில் காதைத் தீட்டிக்கொண்டு நடங்கள். புல்லுக்குள்ளிருந்து சீப்பை நகத்தால் இழுப்பதுபோல 'க்ரெக்ஸ் க்ரெக்ஸ்' என்று சத்தம் வந்தால் அது கார்ன்கிரேக். ஐரிஷில் ட்ரீனாக். ஆப்பிரிக்காவிலிருந்து வந்து கூடு கட்டும் பறவை. புல்லை இயந்திரம் வைத்து அறுக்க ஆரம்பித்ததும் அயர்லாந்தின் பெரும்பகுதியில் இல்லாமல் போய்விட்டது, இங்கே பிழைத்திருக்கிறது. சத்தம் கேட்கும், ஆளைப் பார்க்கமுடியாது. தேடிக்கொண்டு புல்லுக்குள் இறங்காதீர்கள்.

கிழக்கு ஊரைத் தாண்டினால் டூன் வாலர். ஒற்றைக்கண் அரக்கன் பாலரின் கோட்டை. பேரன் கையால் சாவு என்று குறி சொல்லப்பட்டதால் மகள் எத்னாவை இங்கே ஒரு பாறைக்கோபுரத்தில் அடைத்துவைத்தானாம். அதையும் மீறிப் பிள்ளை பிறந்து, தப்பி வளர்ந்து, தாத்தாவைக் கொல்கிறது. கம்சன் கதை கேட்டு வளர்ந்த நமக்கு முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடும். பாறை விளிம்பில் வேலி கிடையாது. பஃபின்கள் இந்தப் பக்கம்தான். குழந்தைகளைக் கையை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ஈரப்புல் என்றால் விளிம்புக்குப் போகவே வேண்டாம்.

டோரியில் எலி கிடையாது என்பார்கள். மூழ்கிச் செத்த ஆறு ஆண்கள், ஒரு பெண் ஆகியோரின் சமாதி மேற்கு ஊரில் இருக்கிறது. அந்தப் பெண்ணின் சமாதி மண் எலியை விரட்டும் என்பது நம்பிக்கை. நாமாக அள்ளினால் பலிக்காது. அதற்கென்று இருக்கும் குடும்பத்தின் மூத்தவர் கையால்தான் வாங்கவேண்டும். நம் ஊர்க் கோயில் திருமண் மாதிரிதான், அள்ளிப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

நாலு வார்த்தை

எதிரே வருகிறவரைப் பார்த்து 'ஜீயா டிட்ச்' என்றால் வணக்கம். பதிலுக்கு அவர் 'ஜீயஸ் முர்ரே டிட்ச்' என்பார். கடவுள் உன்னோடு, கடவுளும் மரியாளும் உன்னோடு என்று ஒருபடி கூட்டித் திருப்புவது வழக்கம். 'கஜே மர அதா தூ' என்றால் எப்படி இருக்கிறீர்கள். நன்றி சொல்ல 'குரா மஹ் அகத்'. டோனிகல் உச்சரிப்பு இது. டப்ளின் பள்ளியில் படிக்கும் உங்கள் பிள்ளை திருத்தினால் கண்டுகொள்ளாதீர்கள்.

வார்த்தையைவிட முக்கியம் கழிப்பறைக் கதவு. 'எஃப்' எழுத்தில் தொடங்குவது 'ஃபிர்', அதாவது ஆண்கள். 'எம்' எழுத்தில் தொடங்குவது பெண்கள். ஆங்கிலப் பழக்கத்தில் முதல் எழுத்தை மட்டும் பார்த்து உள்ளே போனவர்கள் ஏராளம். நானும் அதில் ஒருவன். உள்ளே இருந்த பாட்டி சிரித்துக்கொண்டே சொன்ன ஐரிஷ் வாக்கியத்துக்கு இன்றுவரை அர்த்தம் தேடவில்லை.

திரும்பிய பிறகு

படகு நேரத்துக்கு இருபது நிமிடம் முன்பே துறையில் இருங்கள். திரும்பும்போது பெரும்பாலும் அலை பின்னாலிருந்து தள்ளும், வந்த அளவுக்குப் படுத்தாது.

அன்றிரவும் கரையிலேயே தங்குகிறீர்கள் என்றால் இருட்டியபிறகு பிளடி ஃபோர்லாண்ட் பக்கமாக ஒரு நடை போய்வாருங்கள். ஜூனில் அதற்குப் பதினோரு மணிக்கு மேல் ஆகிவிடும். கடலில் எதுவும் தெரியாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று வெட்டும். பிறகு இருட்டு. எண்ணிக்கொண்டே இருந்தால் மறுபடி ஒன்று.